பாசியை வளர்த்துப் பாசியை விரட்டுவது

பாசி என்றதும் பலருக்கு வழுக்கும் குளத்துப் படிக்கட்டுதான் நினைவுக்கு வரும். மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அதைவிடக் கசப்பான நினைவுகள் உண்டு. கண்ணாடி முழுக்கப் பச்சைப் படலம், கூழாங்கற்கள் மேல் பழுப்புச் சேறு, பிளாஸ்டிக் செடிக்குத் தாடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளேடும் ஸ்பாஞ்சுமாகத் தொட்டி முன் உட்கார்ந்திருப்பவரிடம் போய், 'பாசி தொலைய வேண்டுமானால் இன்னும் நிறையப் பாசி வளர்க்க வேண்டும்' என்று சொன்னால் அடிக்க வருவார். ஆனால் சங்கதி உண்மை. அதற்கென்றே ஒரு சாதனம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆல்கே ஸ்க்ரப்பர் என்கிறார்கள். கடையில் வாங்கினால் விலை அதிகம். வீட்டில் செய்தால் ஹார்டுவேர் கடைச் சாமான்களே போதும்.

மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால் முதலில் பெயரில் மாட்டிக்கொண்டேன். 'பாசி துடைப்பான்' என்றால் பாசியைத் துடைக்கும் கருவி என்று பொருளாகிவிடும். இங்கே பாசி துடைக்கப்படுவதில்லை. பாசிதான் தண்ணீரைத் துடைக்கிறது. வடிகட்டி என்றும் சொல்ல முடியாது. இதில் எதுவும் வடிகட்டப்படுவதில்லை. 'பாசித் திரை' என்று வைத்துக்கொள்வோம். திரைபோலத் தொங்கும் ஒரு வலை, அதன் மேல் வழியும் தண்ணீர், பக்கத்தில் ஒரு விளக்கு, வலையில் வளரும் பாசி. கருவி இவ்வளவுதான்.

இது எதற்கு என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். எங்கள் வீட்டுத் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். சுமார் 130 லிட்டர். அதிலுள்ள தங்க மீன்களுக்கு நாளொன்றுக்கு 2 கிராம் தீனி. தீனியில் 40 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொண்டால் 0.8 கிராம் புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக நாளைக்கு 0.13 கிராம் நைட்ரஜன் தொட்டிக்குள் இறங்குகிறது. மூன்றில் ஒரு பங்கு மீனின் உடம்பில் சேர்கிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். மிச்சம் அமோனியாவாக வெளியே வருகிறது. அது விஷம். ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. நைட்ரைட்டும் விஷம்தான். நைட்ரேட் உடனே கொல்லாது. ஆனால் அதற்குப் பிறகு அது எங்கும் போவதுமில்லை. சாதாரணத் தொட்டியில் அதோடு கதை நின்றுவிடுகிறது. மேற்சொன்ன கணக்கின்படி லிட்டருக்கு வாரம் 20 மில்லிகிராம் நைட்ரேட் சேர்ந்துகொண்டே இருக்கும்.

வாரம் கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லும். போதுமா? கால் பங்கு தண்ணீரை எடுத்தால் கால் பங்கு நைட்ரேட்தான் போகும். வாரம் 20 சேர்கிறது என்றால், கால் பங்கு என்பது 20க்குச் சமமாகும்வரை அளவு ஏறிக்கொண்டே போய் 80ல் நிற்கும். தண்ணீர் மாற்றிய அன்று 60, அடுத்த மாற்றத்துக்கு முன் மறுபடி 80. ஒழுங்காகத் தண்ணீர் மாற்றுகிற வீட்டிலும் கண்ணாடியில் பாசி ஏன் விடாமல் வருகிறது என்பதற்கு இதுதான் விடை. வீட்டுக்காரரின் சோம்பேறித்தனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

வாரம் 33 லிட்டர் என்பது எல்லா ஊரிலும் சின்ன விஷயமல்ல. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, குடங்கள் லாரிக்காகத் தெருவில் வரிசையாக நின்றன. 2024 கோடையில் பெங்களூர் அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் காரைக் கழுவாதே, செடிக்கு ஊற்றாதே என்று உத்தரவுகள் பறந்தன. அந்த மாதங்களில் மீன் வளர்ப்பவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: குழந்தைகளைக் குளிப்பாட்டுவதா, மீனுக்குத் தண்ணீர் மாற்றுவதா? மீன் தோற்றுப்போவதுதான் நியாயம். தோற்ற மீன்கள் எத்தனையோ.

கடைக்காரர்களிடம் இதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது. வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூரில் ஒரு கடையில் நான் கேட்டபோது, 'அதுக்கெதுக்கு சார் இவ்வளவு யோசனை? சக்கர் ரெண்டு விடுங்க, கண்ணாடி பளபளன்னு ஆயிடும்' என்றார். கறுப்புத் தோலும் உறிஞ்சு வாயுமாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் மீன் அது. பாசியைத் தின்னும், பொய்யில்லை. ஆனால் தின்றது அதே தண்ணீரில்தானே கழிவாகிறது? தொட்டியைவிட்டு ஒரு மில்லிகிராம் நைட்ரஜன்கூட வெளியேறவில்லை. விரல் நீளத்தில் வாங்கிய சக்கர் ஒரு அடிக்கு மேல் வளர்ந்ததும், கொல்ல மனமில்லாமல் பக்கத்து ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் இன்று பல மாநில ஏரிகளில் பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்து, மீனவர்களின் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. இதைவிடப் பாவமில்லாத பாசி வைத்தியம் எத்தனையோ உண்டு.

பாசியையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையைக் கருவியாக்கியவர் வால்டர் ஏடி. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் கடல் தாவரங்களை ஆராய்ந்தவர். பவளத் திட்டுகளைச் சுற்றியுள்ள தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறது. அதில் சத்து என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. ஆனால் பாறை மேல் புல்வெளிபோல் படர்ந்திருக்கும் குட்டைப் பாசி அசுர வேகத்தில் வளர்கிறது. மீன்கள் மேய்ந்துகொண்டே இருக்கின்றன, பாசி விடாமல் முளைத்துக்கொண்டே இருக்கிறது. அலை, வெயில், மேய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் பாசி தண்ணீரிலுள்ள கடைசித் துளிச் சத்தையும் உறிஞ்சிவிடும் என்று அவர் கண்டார். ஆழமில்லாத ஒரு தட்டு, அதில் ஒரு வலை, நிறைந்ததும் கவிழ்ந்து அலை எழுப்பும் ஒரு வாளி, மேலே பலமான விளக்கு. மேய்கிற மீனுக்குப் பதில் சுரண்டுகிற மனிதக் கை. 1982ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. வாஷிங்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்திருந்த பவளத் தொட்டி இப்படித்தான் ஓடியது. 1987ல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் திறந்த 25 லட்சம் லிட்டர் பவளத் தொட்டியும் ஆரம்பத்தில் இந்த முறையை நம்பியிருந்தது. அரிசோனா பாலைவனத்தில் கண்ணாடிக் கூரைக்குள் மனிதர்களை அடைத்துவைத்த 'பயோஸ்பியர் 2' சோதனையின் குட்டிக் கடலுக்கும் இதே ஏற்பாடுதான்.

1990களில் கலிபோர்னியாவின் பாட்டர்சன் நகரக் கழிவு நீரில் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். பிறகு மாட்டுப் பண்ணைக் கழிவிலும் பார்த்தார்கள். நம் ஊர் ஏரிகளைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. ஆகாயத்தாமரை மண்டிய ஏரியைச் சுத்தம் செய்ய இயந்திரம் வருகிறது, புகைப்படக்காரர்கள் வருகிறார்கள். அள்ளியதைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது மக்கி, அடுத்த மழையில் கரைந்து, வந்த இடத்துக்கே போகிறது. அள்ளியதை ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோனால்தான் ஏரியிலிருந்து எதையாவது எடுத்ததாகக் கணக்கு.

தட்டும் கவிழ்கிற வாளியும் வீட்டுக்கு ஒத்துவராது. சத்தம், உப்புத் தெறிப்பு, இடம் எல்லாமே தொல்லை. 2008 வாக்கில் பொழுதுபோக்காக மீன் வளர்ப்பவர்கள் தட்டை நிமிர்த்தி வைத்தார்கள். வலை செங்குத்தாகத் தொங்கும், தண்ணீர் அருவிபோல் இரு பக்கமும் வழியும். நான் சொல்லப்போவது அதைத்தான்.

வலையின் அளவுதான் முதல் கேள்வி. தொட்டி எத்தனை லிட்டர் என்று பார்த்து வலையை வெட்டுவது பழைய முறை. அது சரியில்லை. 200 லிட்டரில் இரண்டு மீன் இருக்கலாம், 50 லிட்டரில் இருபது இருக்கலாம். பாசிக்குத் தண்ணீரின் அளவு ஒரு பொருட்டே அல்ல. உள்ளே எவ்வளவு தீனி விழுகிறது என்பதே கணக்கு. இரு பக்கமும் வெளிச்சம் படும் வலையானால், நாளைக்குப் பத்துச் சிட்டிகைக் காய்ந்த தீனிக்கு, அல்லது உறைந்த தீனி ஒரு கட்டிக்கு, 12 சதுர அங்குலம் என்பது அனுபவஸ்தர்கள் சொல்லும் வாய்ப்பாடு. எட்டுக்கு எட்டு அங்குலம், அதாவது 64 சதுர அங்குலம், எங்கள் தங்க மீன்களின் வயிற்றுக்குச் சரியாக இருக்கிறது.

வலைக்குக் கம்பளி நூல் வேலைப்பாட்டுக்கு விற்கும் பிளாஸ்டிக் கேன்வாஸ் சிறந்தது. கைவேலைச் சாமான் கடைகளில் தாளாகக் கிடைக்கும். வாங்கியபடியே மாட்டினால் பாசி பிடிக்காது. பிடித்தாலும் தண்ணீர் வேகத்தில் கழன்று ஓடிவிடும். ஹாக்ஸா பிளேடால் இரு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகக் கீற வேண்டும். உப்புத்தாள் போதாது. கையில் தடவினால் சப்பாத்திக் கள்ளிபோல் முள் முள்ளாக உறுத்த வேண்டும். இந்த ஒரு வேலைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பாசித் திரை வேலை செய்யவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களில் பாதிப் பேருடைய வலை வழவழவென்றுதான் இருக்கும்.

அடுத்து குழாய். முக்கால் அங்குல பி.வி.சி. பைப் பத்து அங்குலம். நடுவில் எட்டு அங்குல நீளத்துக்கு 3 மில்லிமீட்டர் அகலத்தில் பிளவு வெட்ட வேண்டும். கோட்டின் மேல் வரிசையாக டிரில்லால் துளையிட்டு, துளைகளைப் பிளேடால் இணைத்து, அரத்தால் ராவினால் பிளவு தயார். ஒரு முனையில் எல்போ, மறு முனையில் எண்ட் கேப். கேப்பைச் சொல்யூஷன் போட்டு ஒட்டாதீர்கள். அழுத்திச் செருகினாலே நிற்கும், கழற்றிக் கழுவவும் வசதி. வலையின் மேல் ஓரத்தைப் பிளவுக்குள் செருகிக் கேபிள் டையால் கட்டிவிடலாம்.

பம்ப் வாங்கும்போது டப்பாவில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். அது தண்ணீரை மேலே தூக்காதபோது வரும் அளவு. நமக்குத் தேவை வலையின் அகலத்தில் அங்குலத்துக்கு மணிக்கு 130 லிட்டர். எட்டு அங்குலத்துக்கு ஏறக்குறைய 1040. சோதிக்க வாளியும் கடிகாரமும் போதும். திரை இருக்கும் உயரத்தில் குழாயைப் பிடித்து, 10 லிட்டர் வாளி 35 வினாடியில் நிறைந்தால் சரி. ஒரு நிமிடம் எடுத்தால் அடுத்த அளவு பம்ப் வேண்டும். தண்ணீர் குறைந்தால் வலையில் அங்கங்கே உலர்ந்த பட்டைகள் விழும். அந்த இடத்தில் பாசி வராது.

திரையைத் தொங்கவிட, மளிகை போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பா. இதைத் தொட்டிக்கு மேல் ஒரு பலகையில் வைத்து, அடியில் ஒன்றேகால் அங்குல டேங்க் நிப்பிள் போட்டால் தண்ணீர் தானாகத் தொட்டிக்குத் திரும்பும். இங்கேதான் எச்சரிக்கை தேவை. ஒரு கொத்துப் பாசி கழன்று வந்து இந்த ஓட்டையை அடைத்துக்கொண்டால், டப்பா நிறைந்து வழிந்து, தொட்டித் தண்ணீர் முழுவதும் கூடத்தில் இறங்கிவிடும். காலையில் எழுந்தால் தரை நனைந்திருக்கும், மீன்கள் வெறும் கல்லின் மேல் கிடக்கும். இதைத் தவிர்க்க இரண்டு வழி. டப்பாவில் சற்று மேலே இரண்டாவது ஓட்டை ஒன்று. பம்பைத் தொட்டியின் அடியில் வைக்காமல் நீர்மட்டத்துக்கு மூன்று அங்குலம் கீழே மாட்டுவது இன்னொன்று. அப்போது எது அடைத்தாலும் மூன்று அங்குலத் தண்ணீர்தான் போகும், மீன் பிழைத்துக்கொள்ளும். இரண்டையும் செய்துவிடுங்கள். விளக்கு வயர்களைத் தொய்வாக விட்டால் வழியும் தண்ணீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

விளக்கு இரு பக்கமும் வேண்டும். சிவப்பு அதிகமுள்ள, செடி வளர்க்கும் எல்.இ.டி. நல்லது, மஞ்சள் ஒளி தரும் சாதாரண எல்.இ.டி.யும் வேலை செய்யும். பக்கத்துக்கு 15 வாட் போதும். வெளிச்சம் டப்பாவைத் தாண்டித் தொட்டியில் விழக் கூடாது. விழுந்தால் எதை ஒழிக்கக் கிளம்பினோமோ அதையே தொட்டிக்குள் வளர்ப்போம். பிளவு உள்ள குழாயின் மேலும் கறுப்பு டேப் சுற்றுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிளவுக்குள்ளேயே முளைத்து அடைக்கும்.

சாமான் முடிந்தது. இனி பொறுமை. முதல் வாரம் வலையில் வருவது பச்சைப் பாசி அல்ல. பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒன்று. பலர் இதைப் பார்த்துவிட்டு 'தோற்றுவிட்டது' என்று கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். பழுப்பு முதலில் வந்துதான் ஆக வேண்டும். வாரம் ஒருமுறை விரலால் மெல்ல வழித்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பச்சை மயிரிழைபோல் எட்டிப் பார்க்கும். விளக்கை ஆரம்பத்தில் நாளைக்கு 9 மணி நேரம் மட்டும் எரியவிட்டு, பச்சை பிடித்த பிறகு மெல்ல 18 வரை கூட்டலாம். தொட்டி விளக்கு அணைந்திருக்கும் இரவில் இதை எரியவிடுவது உத்தமம். இரவில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தண்ணீரின் அமிலத்தன்மை ஏறுவதைப் பாசி கட்டுப்படுத்தும்.

அதற்குப் பிறகு கருவி உங்களோடு நிறத்தில் பேச ஆரம்பிக்கும். நல்ல பச்சை, கையில் பிடித்தால் ஈரத் தலைமுடிபோல் வந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். மஞ்சளாக, ரப்பர்போல் வந்தால் வெளிச்சம் அதிகம், சாப்பாடு குறைவு. விளக்கு நேரத்தை 12 மணிக்குக் குறைத்துப் பாருங்கள். கறுப்பாக, எண்ணெய்ப் பசையாக வந்தால் தண்ணீரில் சத்து அளவுக்கு மீறி இருக்கிறது, வெளிச்சம் ஈடுகொடுக்கவில்லை. விளக்கைக் கூட்டுங்கள், ஏழு நாளுக்குப் பதில் நான்கு நாளில் வழியுங்கள். நடுவில் மட்டும் வெறிச்சோடியிருந்தால் விளக்கு மிக அருகில் இருக்கிறது. இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டு வாரம் பார்த்துவிட்டு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் திருகினால் எது பலித்தது என்று தெரியாது. வைத்தியருக்கும் இதே விதிதான்.

எங்கள் தொட்டியில் நைட்ரேட் சோதனைத் திரவம் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு இறங்க இரண்டு மாதம் ஆனது. கண்ணாடியில் பாசி அதற்குப் பிறகுதான் குறைந்தது. தண்ணீர் மாற்றுவது நிற்கவில்லை. வாரத்துக்கு ஒன்று என்பது மாதத்துக்கு ஒன்றாகிவிட்டது. நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாசி நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் எடுத்துக்கொள்ளும். ஆவியான தண்ணீருக்குப் பதிலாகப் போர்வெல் தண்ணீரை ஊற்ற ஊற்ற ஏறும் உப்புகளை அது தொடாது. நாளாக ஆகத் தண்ணீரில் இளமஞ்சள் சாயலும் ஏறுகிறது; கொஞ்சம் கரியைப் போட்டால் போய்விடும். மின்சாரம் நாளைக்கு ஒரு யூனிட் ஆகிறது, பம்பும் விளக்கும் சேர்த்து. கிணற்றில் தண்ணீரும் ஜன்னலோரம் வெயிலும் இருக்கிற வீட்டில், நான்கு மணி பிளான்ட் கொடிகளின் வேரைத் தொட்டிக்குள் தொங்கவிட்டாலே இதே வேலை செலவில்லாமல் நடக்கும். அவர்களுக்குப் பாசித் திரை அனாவசியம்.

உண்மையான தேவை கடல் மீன் வளர்ப்பவர்களுக்குத்தான். அங்கே தண்ணீர் மாற்றுவது என்றால் உப்பு மாற்றுவது. நல்ல உப்புக்குக் கொடுக்கிற காசு மீனின் விலையைத் தாண்டிவிடும். வெளிநாடுகளில் தொட்டிக்குள் கடல் பாறைத் துண்டுகளை அடுக்கி, அதிலுள்ள உயிர்களிடம் சுத்தம் செய்யும் வேலையை விட்டுவிடுகிறார்கள். இங்கே அது முடியாது, முடியவும் கூடாது. கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒன்றாக இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டை உடைத்து வந்து வரவேற்பறையில் வைப்பது சிறைக்குப் போகிற குற்றம். அப்படியும் சிலர் ரகசியமாக விற்கத்தான் செய்கிறார்கள், சிலர் வாங்கத்தான் செய்கிறார்கள். கோமாளி மீனைக் கடலில் பிடிக்காமல் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் உருவாக்கியிருக்கிறது. பண்ணை மீனும் பாசித் திரையும் இருந்தால் கடலிலிருந்து ஒரு கல்லைக்கூடத் தொடாமல் கடல் தொட்டி வைக்க முடியும்.

இரண்டு ஆபத்துகளைச் சொல்லாமல் விடக் கூடாது. மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் ஊற்றும் மருந்துகள் சிலவற்றில் தாமிரம் இருக்கிறது. தாமிரம் பாசிக்கு எமன். வலையிலுள்ள பாசி மொத்தமும் ஒரே நாளில் செத்து அழுகி, நோயில் பிழைத்த மீனை மூச்சுத் திணறலில் கொன்றுவிடும். மருந்து ஊற்றுமுன் திரையை வெளியே எடுத்துவிடுங்கள், அல்லது மீனை வேறு தொட்டிக்கு மாற்றி வைத்தியம் பாருங்கள். மற்றது மின்வெட்டு. ஒரு மணி, இரண்டு மணி நேரத்தை ஈர வலை தாங்கும். அரை நாள் போனால் காய்ந்த பாசியை வழித்துவிட்டுப் பிறகு பம்பைப் போடுங்கள். செத்த பாசியை அப்படியே தொட்டிக்குள் கழுவிவிடாதீர்கள். பழைய ஃபில்டரையும் அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம்.

ஏழாம் நாள் அறுவடை. ஊர்க் குளத்துப் பாசி கை படும் இடத்தில் விலகி, கையை எடுத்ததும் திரும்பப் பரவுவதைக் குறுந்தொகையில் பரணர் பசலைக்கு உவமையாக்கினார். தலைவிக்குத் துயரமான அந்தக் குணம்தான் நமக்கு மூலதனம். வலையைக் கழற்றி, சமையலறைத் தொட்டியில் வைத்து, விரல் நகத்தால் அல்லது பழைய ஏ.டி.எம். அட்டையால் வழிக்க வேண்டும். வெள்ளை பிளாஸ்டிக் தெரியுமளவுக்குச் சுரண்டாமல் பச்சைச் சாயல் கொஞ்சம் மிஞ்சட்டும். அடுத்த பயிருக்கு அதுதான் விதை. நாள் தள்ளிப்போட்டால் மேலே வளர்ந்த பாசி வெளிச்சத்தை மறைத்து, அடியிலுள்ளது செத்து, கொத்தாகக் கழன்று விழும். கடல் தொட்டியானால் குழாய்த் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள், பாசியை மேயும் சின்னப் பூச்சிகள் செத்துவிடும். பிளவை ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மாட்டலாம். பிழிந்த பாசி கைப்பிடி அளவு இருக்கும். நல்ல தண்ணீர்ப் பாசியானால் கறிவேப்பிலைத் தொட்டியில் போடுங்கள். கடல் பாசியை உப்புப் போக இரண்டு தண்ணீரில் அலசாமல் எந்தச் செடிக்கும் போட வேண்டாம்.